அழுத்தப் படம் வழவழப்பாகிவிட்டது, ஆனால் அந்த இழுவிசையை நம்பலாமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வட்ட உருளை வைத்த ஒரு கால்வாயில் அமுங்காத பாய்மம் ஓடுவதை, நீங்களே எழுதிய ஃபைனைட் எலிமென்ட் கோடில், அதாவது இடத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தீர்க்கும் கணினி நிரலில், போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ரெனால்ட்ஸ் எண், அதாவது பாகுநிலையோடு ஒப்பிட ஓட்டத்தின் வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு, 20. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே நேரியல் முக்கோணம். வேகப் படம் சரியாக வந்தது, அழுத்தம் மட்டும் முக்கோண முனைகளில், கணுவுக்குக் கணு, ஏறி இறங்கி சதுரங்கப் பலகை மாதிரி இருந்தது. அழுத்தத்தை நிலைப்படுத்தும் பிஎஸ்பிஜி என்ற உறுப்பைச் சேர் என்று யாரோ சொன்னார்கள், சேர்த்தீர்கள், படம் வழவழப்பாகிவிட்டது. இப்போது உங்களை உறுத்துவது இதுதான்: நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் இல்லாத ஒரு உறுப்பைச் சேர்த்து விடையை அழகாக்கிவிட்டேனா, ஓட்டம் தன் திசையில் உருளையை இழுக்கும் இழுவிசை இனி என்னுடையதா அந்த உறுப்பினுடையதா? நல்ல உறுத்தல். பல வருடம் இந்த முறைகளை எழுதியும் பிறர் கோடைத் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் படம் வழவழப்பானதும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

குழப்பம் ஆரம்பிப்பதே பெயரில்தான். ஸ்டெபிலைசேஷன், அதாவது நிலைப்படுத்தல், என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி நோய்களுக்கான மருந்து இருக்கிறது. ஒன்று, வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் நாம் எடுத்துக்கொண்ட சார்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவது. ரெனால்ட்ஸ் எண் பூஜ்யமாக இருந்தாலும், தேன் மாதிரி மெதுவாக ஓடினாலும் இது வரும். இன்னொன்று, மெஷ், அதாவது இந்த முக்கோண வலை, தாங்கும் அளவை மீறி ஓட்டம் வேகமாகிவிடுவது, அதாவது பாகுநிலையால் பரவுவதைவிட ஓட்டம் அடித்துக்கொண்டு போவது மிஞ்சிவிடுவது. உங்கள் சதுரங்கம் முதல் நோய். ஆனால் உங்கள் மெஷ்ஷில் இரண்டாவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

முதல் நோயைக் கையாலேயே பார்த்துவிடலாம். ஒரு சதுரத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு கோடு போட்டு இரண்டு முக்கோணமாக்குங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் அதன் வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டி 3 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 வந்த கணுவில் அழுத்தம் 1, மீதி 1 வந்ததில் −1, மீதி 2 வந்ததில் 0 என்று போடுங்கள். இப்போது எந்த முக்கோணத்தை எடுத்தாலும் அதன் மூன்று முனைகளிலும் 1, −1, 0 மூன்றும் ஒவ்வொரு தடவை இருக்கும், சராசரி பூஜ்யம். நேரியல் வேகத்தின் டைவர்ஜென்ஸோ, அதாவது ஒரு இடத்திலிருந்து நிகரமாக வெளியேறும் அளவோ, ஒரு முக்கோணத்துக்குள் மாறாத எண். ஆகவே அழுத்தத்தை டைவர்ஜென்ஸோடு பெருக்கித் தொகையிட்டால், எந்த வேகச் சார்பை எடுத்தாலும், ஒவ்வொரு முக்கோணத்திலும் பூஜ்யம்தான் வரும். இந்த அழுத்தத்தை உந்தச் சமன்பாடு பார்க்கவே இல்லை. சரியான விடையோடு இதைப் பத்து மடங்கோ ஆயிரம் மடங்கோ கூட்டினாலும் சமன்பாடு ஒன்றும் சொல்லாது. தாறுமாறான மெஷ்ஷில் இப்படிச் சுத்தமான பூஜ்யம் வராமல் போகலாம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் கோலங்கள் நிறைய இருக்கும். சால்வர் நின்றுவிடாமல் ஏதோ ஒரு விடையைக் கொடுத்தது அதனால்தான்.

இதன் வேர், அமுங்காத பாய்மத்தில் அழுத்தத்துக்கென்று தனிச் சமன்பாடு இல்லை என்பதில் இருக்கிறது. வேகத்தின் டைவர்ஜென்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் காப்பாற்றத் தேவையான அளவுக்கு அழுத்தம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஒவ்வொரு அழுத்தக் கோலத்துக்கும் பதில் சொல்ல ஒரு வேகக் கோலமாவது இருக்க வேண்டும், மெஷ் எவ்வளவு பொடியானாலும் அந்தப் பதில் பலவீனமாகக் கூடாது. லாடிஷென்ஸ்கயா, பாபுஷ்கா, பிரெட்சி ஆகிய மூவர் பெயரால் சொல்லப்படும் இன்ஃப்-சூப் நிபந்தனை கேட்பது இதைத்தான். வேகம் நேரியல், அழுத்தம் முக்கோணத்துக்கு ஒரு மாறிலி என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசம். 10க்கு 10 கட்டம், சுற்றிலும் சுவர் என்றால் 200 முக்கோணம், அதனால் 199 கட்டுப்பாடு. உள்ளே இருப்பதோ 81 கணு, 162 வேக எண்கள். கட்டுப்பாடு எண்ணிக்கையில் மிஞ்சிவிடுகிறது, வேகம் மூச்சுவிட இடமில்லாமல் பூட்டிக்கொள்கிறது.

இனி உங்கள் முதல் சந்தேகம், இது ஏமாற்று வேலையா என்பது. இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம், எதையும் வெளியிலிருந்து சேர்க்காத ஒரு முறையிலிருந்தே இதே உறுப்பு தானாக வந்து விழுகிறது. 1984ல் ஆர்னால்டு, பிரெட்சி, ஃபோர்டின் மூவரும் மினி எலிமென்ட் என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். அதே நேரியல் முக்கோணம்தான், ஆனால் வேகத்துக்கு மட்டும் ஒவ்வொரு முக்கோணத்தின் நடுவிலும் ஒரு குமிழ்ச் சார்பு கூடுதலாக உண்டு, விளிம்பில் அது பூஜ்யமாகிவிடும். இது இன்ஃப்-சூப் நிபந்தனையை முறைப்படி நிறைவேற்றும் எலிமென்ட், இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. அந்தக் குமிழ் பக்கத்து முக்கோணத்தோடு பேசுவதில்லை என்பதால் அதை எலிமென்ட்டுக்குள்ளேயே தீர்த்து நீக்கிவிடலாம். நீக்கிப் பாருங்கள், தொடர்ச்சிச் சமன்பாட்டில் அழுத்தச் சரிவும் சோதனைச் சார்பின் (சமன்பாட்டைப் பெருக்கித் தொகையிட எடுக்கும் சார்பின்) சரிவும் பெருக்கிய ஒரு உறுப்பு எஞ்சும், அதன் குணகம் எலிமென்ட் அளவின் வர்க்கத்தைப் பாகுநிலையால் வகுத்த அளவில் இருக்கும். பிஎஸ்பிஜி உறுப்பின் அழுத்தப் பகுதி இதுவேதான்! மெஷ் பார்க்காமல் விட்ட சின்ன அளவு வேகம், பார்க்கும் அளவு அழுத்தத்துக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை அது ஈடுகட்டுகிறது. ஹியூஸ் 1995ல் வேரியேஷனல் மல்டிஸ்கேல் என்ற பெயரில் இந்தப் பார்வையை எல்லா நிலைப்படுத்திய முறைகளுக்கும் பொதுவாக்கினார். எனக்கு இந்தத் துறை முழுவதும் புரிந்தது அதைப் படித்த பிறகுதான்.

ஆனால் எல்லா மருந்தும் ஒரே தரம் இல்லை. 1984ல் பிரெட்சியும் பிட்காராந்தாவும் சேர்த்தது அழுத்தச் சரிவை மட்டும். சரியான விடையைக் கொண்டுபோய் வைத்தால்கூட அந்த உறுப்பு பூஜ்யமாகாது, சுவர் ஓரத்தில் அழுத்தச் சரிவைத் தட்டையாக்கப் பார்க்கும். 1986ல் ஹியூஸ், ஃபிராங்கா, பாலெஸ்ட்ரா செய்த மாற்றம் முக்கியமானது: அழுத்தச் சரிவு இருந்த இடத்தில் உந்தச் சமன்பாட்டின் முழு மிச்சத்தை, ரெசிடுவல் என்கிறோமே அதை, வைத்தார்கள். உண்மை விடைக்கு மிச்சம் பூஜ்யம், ஆகவே உறுப்பும் பூஜ்யம். நீங்கள் சேர்த்தது இந்த வகை என்றால் கொள்கையளவில் விடையைக் கெடுக்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அது உங்கள் கோடுக்கு நேரடியாகப் பொருந்தும். நேரியல் முக்கோணத்துக்குள் வேகத்தின் இரண்டாம் வகைக்கெழு பூஜ்யம், ஆகவே மிச்சத்தில் பாகுநிலைப் பகுதி காணாமல் போய்விடும். சுவர் ஓரத்தில், ஓட்டம் மெதுவாகி பாகுநிலையும் அழுத்தச் சரிவும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடத்தில், உங்கள் மிச்சம் பூஜ்யமாகாமல் வெறும் அழுத்தச் சரிவாக நிற்கும். அதாவது பழைய பிரெட்சி-பிட்காராந்தா உறுப்பு அந்த இடத்தில் பின்வாசலால் திரும்பி வந்துவிடுகிறது. மெஷ் பொடியானால் இந்தப் பிழை போய்விடும், ஆனால் உருளைச் சுவரில் அழுத்தம் படிப்பவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டாவது நோய். இந்தக் கணக்குக்கான வழக்கமான அளவுகளை நீங்கள் எடுத்திருந்தால் பாகுநிலை 0.001, நுழைவாயிலில் உச்ச வேகம் 0.3. எலிமென்ட் அளவு 0.02 என்று வைத்துக்கொள்வோம். வேகம் பெருக்கல் அளவு, வகுத்தல் இருமடங்கு பாகுநிலை, அதாவது எலிமென்ட் பெக்லெட் எண், 3 வருகிறது. ஒரே பரிமாணத்தில், ஐந்து சம எலிமென்ட், இடது முனை 0, வலது முனை 1 என்று அட்வெக்‌ஷன்-டிஃப்யூஷன் கணக்கைச் கூடுதல் உறுப்பு எதுவும் இல்லாத சாதாரண கலெர்கின் முறையில் போட்டால், அடுத்தடுத்த கணுக்களின் வித்தியாசம் −2 என்ற விகிதத்தில் போகும் (1 கூட்டல் 3, வகுத்தல் 1 கழித்தல் 3). ஆகவே கணு மதிப்புகள் 0, 0.09, −0.09, 0.27, −0.45, 1. உண்மை விடையில் கடைசிக்கு முந்தைய கணுவில் இருக்க வேண்டியது சுமார் 0.0025. முழு அப்விண்ட், அதாவது ஓட்டம் வரும் பக்கத்துக் கணுவை மட்டும் பார்க்கும் முறை, போட்டால் ஊசல் நின்றுவிடும், ஆனால் அதே கணுவில் 0.14 வரும், எல்லை அடுக்கு வீங்கிவிடும். ஊசலும் வேண்டாம் வீக்கமும் வேண்டாம் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு அளவு இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு பரிமாணத்தில் கணு மதிப்புகள் துல்லியமாகவே வந்துவிடும். புரூக்ஸும் ஹியூஸும் 1982ல் எழுதிய எஸ்யுபிஜி, இந்தக் கூடுதல் பரவலை ஓட்டத்தின் திசையில் மட்டும், அதுவும் மிச்சத்தோடு பெருக்கிச் சேர்க்கிறது. ஓட்டத்துக்குக் குறுக்கே எதையும் பரப்புவதில்லை, பழைய அப்விண்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

இந்த உறுப்புகளை எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சொல்லும் குணகம்தான் டௌ. ஒரு பரிமாணத்தில், மாறாத வேகத்தில், டௌ எவ்வளவு என்று நிரூபித்துச் சொல்லலாம். மேலே போட்ட கணக்குக்கு அது 0.0224. இரண்டு, மூன்று பரிமாணத்தில் அப்படி ஒரு நிரூபணம் கிடையாது. எல்லோரும் எழுதுவது, சரியான எல்லைகளில் சரியாக நடந்துகொள்ளும் ஒரு ஒட்டுச் சூத்திரம்: இருமடங்கு வேகத்தை அளவால் வகுத்தது ஒன்று, நான்கு மடங்கு பாகுநிலையை அளவின் வர்க்கத்தால் வகுத்தது ஒன்று, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்குவது. உங்கள் எண்களைப் போட்டால் முதலாவது 30, இரண்டாவது 10, டௌ 0.0316. சிலர் இரண்டாவதன் வர்க்கத்தை 9 ஆல் பெருக்குவார்கள், அப்போது 0.0236. இரண்டுமே நடைமுறையில் இருக்கின்றன. ஆக, குணகத்தில் முப்பது நாற்பது சதவீதம் இப்படி அப்படி இருப்பது இந்தத் துறையில் சாதாரணம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். டௌ மெஷ்ஷோடு எப்படிச் சுருங்க வேண்டும் என்பது உறுதி, அதன் முன்னால் நிற்கும் எண் உறுதி இல்லை. எலிமென்ட் அளவு என்றால் எது என்பதும் அப்படித்தான். சம பக்க முக்கோணத்தில் பிரச்சினையே இல்லை, சுவர் ஓரத்தில் நூறுக்கு ஒன்று என்று நீட்டிய எலிமென்ட்டில் நீளத்தை எடுப்பதா அகலத்தை எடுப்பதா என்பது பாகுநிலை உறுப்பில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அப்படிப்பட்ட மெஷ்ஷில் ஓட்டத்தின் திசையில் ஒரு நீளம், பாகுநிலைக்குக் குறைந்த நீளம் என்று தனித்தனியாக எடுப்பதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது, ஆனால் அதை விதி என்று சொல்ல மாட்டேன்.

நேரப் படி விஷயத்தில் கவனமாக இருங்கள். பல கோடுகளில் டௌ சூத்திரத்துக்குள் இரண்டை நேரப் படியால் வகுத்த மூன்றாவது ஒன்றும் இருக்கும். நேரப் படி 0.001 என்றால் அது 2000, மற்ற 30ம் 10ம் அதன் முன் ஒன்றுமே இல்லை, டௌ 0.0005 ஆகிவிடும். அறுபது மடங்குக்கு மேல் குறைவு! விளைவு, நேரப் படியைக் குறைக்கக் குறைக்க அழுத்த நிலைப்படுத்தல் கரைந்து சதுரங்கம் திரும்ப எட்டிப் பார்க்கும், நிலையான ஓட்டத்தின் விடைகூட நேரப் படியைப் பொறுத்து மாறும். அதை எடுத்துவிட்டால் இந்த இரண்டும் போகும், ஆனால் மெஷ்ஷோடு ஒப்பிட மிகச் சிறிய நேரப் படிகளில் வேறுவிதமான நிலையின்மை வரக்கூடும் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ரெனால்ட்ஸ் 20ல் ஓட்டம் நிலையானது, ஆகவே நேரத்தை விட்டுவிட்டு நேரடியாக நிலையான சமன்பாட்டையே தீருங்கள், இந்த வம்பே வேண்டாம்.

இன்னொன்று, நான் அனுபவித்துக் கற்றது. குறுகிய கழுத்து உள்ள ஒரு குழாய்க் கணக்கில், உள்ளே வரும் ஓட்டமும் வெளியே போகும் ஓட்டமும் ஆறு இலக்கத்துக்குப் பொருந்தியது, நிறை காப்பாற்றப்படுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பிறகு கழுத்தில் ஒரு குறுக்குவெட்டு போட்டு ஓட்டத்தைத் தொகையிட்டபோது அங்கே சில சதவீதம் குறைந்தது. காரணம் எளிது. அழுத்தச் சோதனைச் சார்பாக எங்கும் 1 என்று வைத்தால் அதன் சரிவு பூஜ்யம், நிலைப்படுத்தும் உறுப்பு மறைந்துவிடும். ஆகவே எந்தக் கணுவிலும் அழுத்தத்தைக் கட்டிவைக்காதவரை, மொத்தக் கணக்கில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் எப்போதுமே சமமாகத்தான் வரும். நடுவில் எலிமென்ட்டுக்கு எலிமென்ட் கசிந்து திரும்பி வருவதை அது காட்டாது. உருளைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மேலும் கீழுமாகக் குறுக்குவெட்டு போட்டுப் பாருங்கள். கசிவு தெரிந்தால் டைவர்ஜென்ஸின் வர்க்கத்தைத் தண்டிக்கும் கிராட்-டிவ் உறுப்பைச் சேருங்கள், பெரும்பாலும் நன்றாகக் குறையும். அதன் குணகத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் இட்டரேட்டிவ் சால்வர் திணறும், அதுதான் அதன் விலை.

இப்போது உங்கள் இழுவிசை. இந்தக் கணக்குக்கு ஷேஃபர், டூரெக் ஆகியோர் 1996ல் வெளியிட்ட ஒப்பீட்டு அளவுகள் இருக்கின்றன: மீட்டரில் கால்வாய் 2.2 நீளம், 0.41 உயரம், உருளையின் விட்டம் 0.1, மையம் 0.2, 0.2. ரெனால்ட்ஸ் 20க்கு இழுவிசைக் குணகம் 5.57க்கும் 5.59க்கும் நடுவில், ஓட்டத்துக்குக் குறுக்கே தள்ளும் தூக்கு விசையின் குணகம் 0.0104க்கும் 0.0110க்கும் நடுவில், உருளையின் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 0.1172க்கும் 0.1176க்கும் நடுவில். இழுவிசை சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய எண், பிழையைப் பெருந்தன்மையாக மறைத்துவிடும். தூக்கு விசை சின்ன எண், உருளை கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டர் அளவு விலகியிருப்பதால் மட்டும் வருவது, மெஷ்ஷின் குறையும் டௌவின் குறையும் முதலில் அங்கேதான் தெரியும். விசையை எடுக்கும் விதமும் முக்கியம். உருளையின் விளிம்பில் வேகச் சரிவை எடுத்துத் தொகையிட்டால் நேரியல் முக்கோணத்தில் ஒரு படி துல்லியம் போய்விடும். உருளையில் 1, மற்ற விளிம்புகளில் 0 என்ற ஒரு சார்பால் உந்தச் சமன்பாட்டின் மிச்சத்தைப் பெருக்கித் தொகையிட்டு எடுங்கள், அதில் நிலைப்படுத்தும் உறுப்புகளையும் சேர்த்தே எடுங்கள். அவற்றை விட்டுவிட்டால் நீங்கள் தீர்த்தது ஒரு சமன்பாடு, விசை எடுத்தது இன்னொரு சமன்பாடு என்று ஆகிவிடும்.

ரெனால்ட்ஸ் எண் ஆயிரக்கணக்கில் போய் ஓட்டம் கொந்தளித்தால் நான் மேலே சொன்ன உறுதி பாதியாகக் குறையும். அங்கே டௌ சேர்க்கும் இழப்பே கொந்தளிப்பு மாதிரியின் வேலையைச் செய்கிறது என்று ஒரு சாரார் நல்ல முடிவுகளோடு காட்டுகிறார்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, ஆனால் அது எப்போது பொருந்தும் என்பதற்கு ரெனால்ட்ஸ் 20க்கு இருப்பது போன்ற நிரூபணம் இல்லை. உங்களுக்கு இப்போதைக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இது. மெஷ் மூன்று, ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி அளவு. ஒவ்வொன்றிலும் டௌவை அப்படியே வைத்து ஒன்று, பாதியாக்கி ஒன்று, இரட்டிப்பாக்கி ஒன்று, மொத்தம் ஒன்பது கணக்கு. டௌவை மாற்றுவதால் இழுவிசையிலும் தூக்கு விசையிலும் வரும் வித்தியாசம் மெஷ் பொடியாகப் பொடியாகச் சுருங்க வேண்டும். சுருங்கினால் அந்த எண் ஓட்டத்தினுடையது. சுருங்காமல் நின்றால் கோடில் பிழை, பெரும்பாலும் குறிப் பிழை அல்லது மிச்சத்தில் ஏதோ ஒரு உறுப்பு விடுபட்டிருக்கும். பத்தாவதாக ஒரு கணக்கு, வேகத்துக்கு இருபடி, அழுத்தத்துக்கு நேரியல் என்ற டெய்லர்-ஹூட் எலிமென்ட்டில், அழுத்த நிலைப்படுத்தல் எதுவும் இல்லாமல். இரண்டு பரிமாணத்தில் இது ஒரு மணி நேர வேலைதான். அறிக்கையில் எழுதும்போது டௌ சூத்திரம், எலிமென்ட் அளவாக எதை எடுத்தீர்கள், நேரப் படி உள்ளே இருக்கிறதா, விசை எப்படி எடுத்தீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள், இவை இல்லாமல் இன்னொருவரால் உங்கள் எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. ஒன்பது எண்களும் வந்ததும் இங்கே போடுங்கள், தூக்கு விசையிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்.